முதல் தண்ணி

வண்டி கழுவுறதுல எவ்வளவு வேலை இருக்குன்னு வண்டி வெச்சிருக்கிறவங்கள்லயே பாதிப் பேருக்குத் தெரியாது. ஒரு பக்கெட் தண்ணிய மேல ஊத்தி, பழைய பனியனால ஒரு இழுப்பு இழுத்துட்டா ஆச்சுன்னு நெனைப்பு. கொல்லிமலையில வாடகைக்கு ஆம்னி வேன் ஓட்டுறவனைக் கேளுங்க, அவன் சொல்லுவான் கதையை. கீழ காரவள்ளியில ஏறும்போது சிரிப்பும் கும்மாளமுமா ஏறுற கூட்டம், கொஞ்ச வளைவு தாண்டுறதுக்குள்ள பேச்சை நிறுத்திடும். இன்னும் கொஞ்சம் போனா ஒருத்தர் கண்ணை மூடிக்குவாரு, இன்னொருத்தர் நெத்தியப் புடிச்சுக்குவாரு. அதுக்கப்புறம் பின் சீட்டுல இருந்து, "அண்ணே, கொஞ்சம் ஓரமா..."ன்னு ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்கும் பிரேக்குக்கும் நடுவுல இருக்கிற நேரத்துலதான் டிரைவரோட சாயங்காலப் பொழப்பே இருக்கு.

தனபாலுக்கு அந்த விஷயத்துல கால் சுறுசுறுப்பு. "அண்ணே"ன்னு ஆரம்பிக்கும்போதே வண்டி ஓரங்கட்டி நிக்கும், இவன் இறங்கி ஓடிக் கதவைத் தள்ளி விட்டிருப்பான். அப்படியும் சில நாள் தப்பிப் போயிடும். தப்பிப் போச்சுன்னா அன்னைக்குச் சாயங்காலம் அவன் ஊட்டு வாசலைப் பாக்கணுமே! மலை மேல எடப்புளி நாட்டுல, மிளகுக்கொடி ஏத்தின மரங்களுக்கு நடுவுல ஓட்டு ஊடு. முன்னால சாய்வான மண் வாசல். வண்டிய அந்தச் சாய்வுல ஏத்தி நிறுத்தி, சக்கரத்துக்குக் கல்லு வெச்சு, ரப்பர் மேட்டையெல்லாம் உருவி எடுத்து வேலியில போட்டுடுவான்.

தண்ணிய ஊத்தினா தீராதுங்க அந்த நாத்தம். ஆம்னிக்குக் கதவு தள்ளுற கதவு, அது ஓடுறதுக்கு அடியில ஒரு தடம் இருக்கு. எல்லாம் வழிஞ்சு வந்து அந்தத் தடத்துலதான் தேங்கும். அதைப் பல்லு தேய்க்கிற பிரஷ்ஷால நோண்டி எடுக்கணும். சீட்டுக்கும் முதுகுச் சாய்ப்புக்கும் நடுவுல கையை விட்டுத் துழாவணும். பெல்ட்டை முழுசா இழுத்து வெளிய விட்டு ஷாம்பு போட்டு அலசணும், இல்லேன்னா சுருட்டிக்கிட்டு உள்ள போன பெல்ட்டு மறுநாள் வெயில்ல நாறும். காஞ்ச பீர்க்கங்காய்க் கூட்டால சீட்டு ரெக்சினைத் தேச்சு, எலுமிச்சம்பழத்தை வெட்டிப் பிழிஞ்சு தொடைச்சு, கடைசியா காப்பித்தூளைத் துணியில முடிஞ்சு சீட்டுக்கடியில போட்டு ராத்திரி பூரா கண்ணாடியத் தொறந்து விட்டாத்தான் கொஞ்சம் அடங்கும். இத்தனையும் முடிச்சு நிமிரும்போது முதுகு இவன் பேச்சைக் கேக்காது. முட்டி ரெண்டும் தனியா முனகும்.

சின்ன வயசுல நாமக்கல்ல ஒரு லாரிக்குக் கிளீனராப் போனவன். அந்த முதலாளி வேட்டி நுனியால பானட்டைத் தொட்டுப் பார்ப்பாராம். அழுக்கு ஒட்டுச்சுன்னா மறுபடியும் முழு லாரியும் கழுவணும். அங்க புடிச்ச வியாதி இவனுக்கு. பத்துப் பன்னெண்டு வருசம் லாரியில அலைஞ்சுட்டு மலைக்குத் திரும்பி, அடிவாரத்துல மிளகு வாங்குற சேக் மைதீன் பாய்கிட்ட அவரோட பழைய ஆம்னியக் கேட்டு வாங்கினான். அன்னையில இருந்து இதேதான். ஊருல கேலி பண்ணாதவங்க இல்ல. "ஏம்ப்பா, அந்த வண்டிக்குப் பூ வெச்சு விடேன்"ம்பாங்க. அவன் பொண்டாட்டி கவிதா, "எங்க வீட்டுக்காரருக்கு என் மூஞ்சி மறந்து போயிருச்சு, அந்த ஆம்னி மூஞ்சி மறக்காது"ன்னு வந்தவங்ககிட்டயெல்லாம் சொல்லிச் சிரிப்பா. சிரிப்புல பாதி நெசம் இருக்கும்.

கேலி பண்ணினா இவன் கண்டுக்க மாட்டான். அழுக்குப் பண்ணினாத்தான் விட மாட்டான். சும்மா வாய் வார்த்தை இல்ல, கத்துவான். பக்கத்துல இருக்கிற ராமாயி ஒரு தடவை சந்தைக்குப் பலாப்பழத்தைச் சாக்குல கட்டி வண்டியில ஏத்தினா. பால் வடிஞ்சு சீட்டுல ஒட்டிக்கிச்சு. தேங்காண்ணெயத் தடவி, சுரண்டி, அந்தச் சீட்டைப் பழையபடி கொண்டாறதுக்கு இவன் பட்ட பாடு கொஞ்சமில்ல. ராமாயிய அதுக்கப்புறம் எங்க பாத்தாலும் அந்தப் பலாப்பழப் பேச்சுத்தான். முறைக்கு அக்கா அவ. அவ புருசன் சின்னக்கண்ணு இவனுக்கு மாமன். "விடு மாப்ள, இனிமே இவளை வண்டிக்கு வெளிய கட்டி இழுத்துட்டுப் போ"ன்னு சின்னக்கண்ணுதான் சிரிச்சுச் சமாதானம் பண்ணி வெச்சாரு. ஆனா ஊரு பூரா அன்னைக்கு ஒண்ணு நல்லாப் பதிஞ்சு போச்சு, தனபால் வண்டியில ஏறினா கையக் கால வெச்சுக்கிட்டு ஒழுங்கா உக்காரணும்னு.

அந்தச் சின்னக்கண்ணுதான் செத்துப் போனாரு.

தை முடிஞ்சு மிளகு பறிப்பு நடந்துக்கிட்டு இருந்த நேரம். ஏணி மேல நின்னு பறிச்சுக்கிட்டு இருந்தவரு, "நெஞ்சைப் புடிக்குது"ன்னு இறங்கி மரத்தடியில சாஞ்சுட்டாரு. ராமாயி கத்தின கத்துல கவிதா ஓடினா, தனபால் சாவிய எடுத்துக்கிட்டு ஓடினான். ஆம்புலன்சுக்குப் போன் போட்டாங்க. அது இன்னொரு பக்கத்துல பிரசவக் கேசுக்குப் போயிருக்கு, வரும்னாங்க. வர்றது எப்போ, போறது எப்போ? பின் சீட்டுல சின்னக்கண்ணைச் சாச்சு உக்கார வெச்சு, ராமாயி பக்கத்துல உக்காந்து தோள்ல அணைச்சுக்க, தனபால் வண்டிய எடுத்தான். நல்லாத்தான் ஓட்டினான், அதுல குறை சொல்ல முடியாது. அந்த இறக்கத்துல அவனை விட வேகமா யாரும் இறங்கியிருக்க முடியாது.

பாதி மலை இறங்கியிருப்பாங்க. சின்னக்கண்ணு துண்டை வாயில அமுக்கிக்கிட்டாரு. கண்ணு பிதுங்குது, கையால என்னமோ சைகை காட்டுறாரு. ராமாயிக்கு ஒரே பதட்டம். "தம்பி, நிறுத்துங்க, நிறுத்துங்க! வாந்தி வருதாட்ட இருக்கு. வண்டி கெட்டுப் போயிரும்"னா. அவ சொல்லி முடிக்கலை, தனபால் கால் பிரேக்குல இருந்துச்சு. யோசிச்சு வெச்ச கால் இல்ல அது. இத்தனை வருசமா அந்தக் குரலுக்குப் பழகின கால்.

கதவைத் தள்ளி, ரெண்டு பேருமா அவரை இறக்கினாங்க. வளைவுல ஓரச் சுவர் இருக்கில்ல, அதைப் புடிச்சுக்கிட்டு அவரு வாந்தி எடுத்தாரு. தனபால் பாட்டில் தண்ணியக் குடுத்தான், எலுமிச்சம்பழத்தை மோந்து பாக்கக் குடுத்தான். "ஒண்ணுமில்ல மாமா, வளைவு கிறுகிறுப்பு. சித்த நேரம் காத்து வாங்குங்க, சரியாப் போயிரும்"னான். மலைக்காரன் புத்தி அது. வளைவுல எது வந்தாலும் வளைவால வந்ததுன்னே பேசிப் பழகிப் போச்சு. நெஞ்சு வலின்னு கூட்டிட்டுப் போறவன், அந்த ஒரு நிமிசம் அவரையும் டூரிஸ்ட்டுக் கணக்காத்தான் பாத்தான். சின்னக்கண்ணு பொறந்ததுல இருந்து இந்த மலையில ஏறி இறங்கினவரு. பஸ்ஸுல மேல ஏறிக் கூரையில உக்காந்து போன காலத்துல கூட ஒரு நாள் ஓங்கரிச்சதில்ல. அவருக்கு எப்படிடா வளைவு கிறுகிறுப்பு வரும்னு தனபாலுக்குத் தோணும்போது, அவரு அந்தச் சுவர் மேலயே தலையச் சாச்சிருந்தாரு. தூக்கி வண்டியில போட்டு, ஹாரனை அமுக்கிப் புடிச்சபடியே கீழ போனான். ஆஸ்பத்திரியில கையப் புடிச்சுப் பாத்துட்டு, வரும்போதே முடிஞ்சிருச்சுங்கன்னாங்க. அதே வண்டியில, அதே சீட்டுல, அவரைத் திருப்பி மேல கொண்டாந்தான்.

இனிச் சொல்லப் போறது அந்த ஊரு வழக்கம். வேற ஊருல உண்டோ இல்லையோ, அங்க உண்டு. ரோடு வராத காலத்துல சீக்காளிய டோலி கட்டித் தூக்கிட்டுப் போவாங்க. போன வழியில உசுரு போயிருச்சுன்னா, தூக்கினவங்க தோளுக்குச் செத்தவங்க ஊட்டுல இருந்து வந்து மஞ்சத் தண்ணி ஊத்தணும். "எங்களுக்காகச் சுமந்தீங்க, உங்க மேல எங்களுக்கு வருத்தமில்ல"ன்னு அதுக்கு அர்த்தம். இப்பத் தோளுக்குப் பதிலா வண்டி. வண்டிக்கு முதல் தண்ணிய அந்த ஊட்டுக்காரங்கதான் விடணும், சீட்டை அவங்கதான் தொடைக்கணும். அது வரைக்கும் சொந்தக்காரன் ஒரு சொட்டுத் தண்ணி வண்டி மேல விடக் கூடாது, யாரையும் ஏத்தவும் கூடாது. அடக்கம் பண்ணின மறுநாளே வந்து விட்டுட்டுப் போயிடுவாங்க வழக்கமா. காரியத்துக்குள்ள வரலைன்னா வருத்தம் தீரலைன்னு அர்த்தம். அப்புறம் அந்த வண்டியில ஊருல ஒரு குஞ்சு குளுவானும் ஏறாது.

அடக்கம் முடிஞ்ச மறுநாள் தனபால் வாசல்லயே இருந்தான். யாரும் வரலை.

காரணம் என்னன்னு அன்னைக்குச் சாயங்காலமே தெரிஞ்சு போச்சு. சின்னக்கண்ணு மகன் யுவராஜ் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கிறவன், சேதி கேட்டு வந்திருந்தான். அழுது அழுது தொண்டை கட்டிப் போயிருந்துச்சு. வண்டிய வழியில நிறுத்தினாங்கன்னு யாரோ அவன் காதுல போட்டிருக்காங்க. நேரா வந்து வேலிக்கு அந்தப் பக்கமே நின்னுக்கிட்டான்.

"மாமா, வண்டிய எதுக்கு நிறுத்துனீங்க?"

"வாந்தி வருதுன்னாரு, கண்ணு."

"நெஞ்சு வலின்னு கூட்டிட்டுப் போறப்ப அவரு வாந்தி எடுத்தா என்ன, எடுக்காட்டி என்ன? சீட்டு அழுக்காயிரும்னுதானே நிறுத்துனீங்க?"

தனபால் வாயத் தொறந்தான். நிறுத்தச் சொன்னது ராமாயிதான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அங்க, சாவு ஊட்டுல, தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு மூலையில சுருண்டு கிடக்கிறவ மூஞ்சி கண்ணு முன்னால வந்துச்சு. புருசனைப் பறிகுடுத்துட்டு உக்காந்திருக்கிறவளை மகன் கையில காட்டிக் குடுக்கிறதா? தூ! அதுவுமில்லாம, அவ சொல்லலைன்னா மட்டும் இவன் கால் சும்மா இருந்திருக்குமா என்ன?

"ஆமா"ன்னான்.

யுவராஜ் வேலி மூங்கிலைப் புடிச்சு ஒரு ஆட்டு ஆட்டிட்டுத் திரும்பிப் போயிட்டான். உள்ள அடுப்படியில இருந்து கேட்டுக்கிட்டிருந்த கவிதா வந்து தலையில அடிச்சுக்கிட்டா. "ஏனுங்க, உங்களுக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு? அந்த அக்காதானே நிறுத்தச் சொன்னாங்க? இப்படித் தலைய நீட்டிக் குடுத்துட்டு வந்து நிக்கிறீங்களே!"

"விடு"ன்னான்.

"விடுன்னா எப்படி விடுறது? தண்ணி விட வரமாட்டாங்க இனி. வண்டி நின்னு போயிரும். சோத்துக்கு என்ன பண்றது?"

கவிதா சொன்னதுல தப்பு இல்ல.

அப்படியே நாள் ஓடிச்சு. எப்பவும் கண்ணாடியாட்டம் நிக்கிற ஆம்னி, நாளுக்கு நாள் செவந்துக்கிட்டே வந்துச்சு. மாசி மாசக் காத்துல செம்மண் புழுதி பறந்து வந்து படியும், விடியக்காலப் பனியில நனையும், வெயில்ல காஞ்சு பொருக்குத் தட்டும். மேல பலா இலை விழுந்து கிடந்துச்சு. கோழி ஒண்ணு பானட்டு மேல ஏறி உக்காரப் பழகிக்கிச்சு. முதல்ல ரெண்டு மூணு நாள் அதை விரட்டினான், அப்புறம் கை ஓயலை, மனசு ஓஞ்சு போச்சு. தோட்டத்துல மிளகு பறிக்கக் கவிதா கூடப் போனான். சாயங்காலம் வந்து மிளகுக் கொத்தை மிதிச்சுப் பிரிச்சுக்கிட்டே அந்த வண்டியப் பாப்பான். வண்டி கழுவிப் பழகின கை அது, சும்மா இருக்க மாட்டேங்குது. மிதிச்ச காலைக் கழுவப் போனவன், பழக்கத்துல பக்கெட்டை நிரப்பி வண்டிகிட்ட வரைக்கும் தூக்கிட்டு வந்துட்டு, அங்க நின்னு முழிச்சுட்டு, அந்தத் தண்ணிய வாழைக்கு ஊத்திட்டு வருவான்.

ராத்திரி படுத்தா அந்த வளைவுதான். பிரேக்கை மிதிச்ச காலைக் கட்டில்ல வெச்சு அமுக்கிக்கிட்டுப் படுப்பான். அவருக்கு முடியற நேரம் எப்படியும் வந்திருக்கும், நிறுத்தலைன்னாலும் தப்பிச்சிருக்க மாட்டாருன்னு ஊருல ஆறுதல் சொன்னவங்க உண்டு. இருக்கலாம். தப்பிச்சிருக்கவும் செய்யலாம். ரெண்டுல எதுன்னு யாரும் சொல்ல முடியாததுதான் அவனைத் தின்னுச்சு. இப்படியொரு அலுப்பு அவனுக்கு லாரியில ரெண்டு ராத்திரி தொடர்ச்சியா ஓட்டினப்பக் கூட வந்ததில்ல.

காரியத்துக்கு முந்தின நாள் காலையில போன் அடிச்சுச்சு. வாசலூர்பட்டியில தங்குற காட்டேஜ் ஒண்ணோட மேனேஜரு. "தனபால், ஈரோட்டுல இருந்து ஒரு குடும்பம் வந்திருக்கு. படகுத் துறை, அருவி, கோயிலு, எல்லாம் சுத்திக் காட்டணும். பத்து மணிக்கு வந்துரு"ன்னாரு.

"வண்டி நிக்குதுங்க சார்."

"என்னய்யா, எப்பக் கேட்டாலும் நிக்குதுங்கிற? ரிப்பேரா? இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன், அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கப்படாது."

போனை வெச்சதும் கவிதா புடிச்சுக்கிட்டா. "நாளைக்குக் காரியம். இன்னைக்கு வரைக்கும் வராதவங்க இனி எங்கிருந்து வரப் போறாங்க? நம்மூரு ஆளு ஏற மாட்டாங்க, சரி. ஈரோட்டுக்காரங்களுக்கு என்ன தெரியும்? நாமளே மஞ்சளைக் கரைச்சு ஊத்திக் கழுவி எடுத்துட்டுப் போங்க. சாமி கண்ணைக் குத்தாது."

"குத்தும்"னான் தனபால்.

"குத்தினா எங் கண்ணைக் குத்தட்டும், போங்க!"

அவ மிளகு உலத்தப் போயிட்டா. இவன் வண்டி முன்னால வந்து நின்னான். கண்ணாடி மேல கோழி எச்சம் காஞ்சு வெள்ளையா வழிஞ்சிருந்துச்சு. அதைப் பாக்கப் பாக்க உடம்பு கூசிச்சு. கழுவணும்னு இல்ல, அந்த எச்சத்தை மட்டும் எடுத்துரலாம். எச்சம் பெயிண்டைத் தின்னுரும், கண்ணாடியிலயும் கறை நிக்கும், அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. இப்படித்தான் ஆரம்பிச்சான். துணிய நனைச்சுப் பிழிஞ்சு எச்சத்தைத் தொடைச்சான். தொடைச்ச எடம் தனியாப் பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு. சரி, சுத்தி இன்னும் கொஞ்சம். அப்புறம் கண்ணாடி பூரா. அவனுக்கே தெரியாம பக்கெட்டுல ஷாம்புப் பாக்கெட்டைக் கிழிச்சுப் போட்டிருந்தான், கையில பீர்க்கங்கூடு இருந்துச்சு. அந்த நேரம், அத்தனை நாளைக்கப்புறம் அந்த நேரந்தான், அவன் மூச்சு சீரா வந்துச்சு.

"அதுக்குள்ள கழுவ வந்தாச்சாக்கும்!"

வேலிக்கு வெளிய யுவராஜ். காரியத்துக்கு வாழை இலை அறுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு வந்தவன், அப்படியே நின்னுட்டான். தனபால் கையில இருந்து நுரை ஒழுகிச்சு.

"இல்ல கண்ணு, கோழி எச்சம்..."

"எங்கப்பன் மண்ணு இன்னும் காயலை. உங்களுக்கு வண்டி பளபளன்னு இருந்தாப் போதும், இல்லீங்களா? அன்னைக்கும் இதேதான், இன்னைக்கும் இதேதான். நல்லாக் கழுவுங்க மாமா, நல்லாக் கழுவுங்க. எங்க ஊட்டுல இருந்து இனி ஒரு சொட்டுத் தண்ணி வராது."

இலைக் கட்டைத் தூக்கிக்கிட்டு விறுவிறுன்னு போயிட்டான். தனபால் துணிய பக்கெட்டுல போட்டுட்டு, முன் சக்கரத்துகிட்ட மண்ணுலயே உக்காந்துட்டான். லுங்கி நனையுதுன்னு கூடத் தெரியலை. கெட்டது குடி. இத்தனை நாள் தாங்கிக்கிட்டிருந்ததை ஒரு கோழி எச்சத்துக்காகப் பாழாக்கிக்கிட்டோமேன்னு அழுகை அழுகையா வந்துச்சு. கவிதா வந்து பாத்தா. அவளும் பக்கத்துல உக்காந்துக்கிட்டா. அந்தப் புத்தியச் சொன்னது தான்தானேன்னு அவளுக்கும் உறுத்தல் இருந்துச்சு.

யுவராஜ் நேரா ஊட்டுக்குப் போயிருக்கான். போனவன் சும்மா இருக்கலை. "பாத்தியாம்மா, அந்தாளு வண்டியக் கழுவிக்கிட்டு இருக்கான்! அழுக்காயிரும்னுதான் நிறுத்தினேன்னு அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான், இன்னைக்குக் கண்ணாலயும் பாத்துட்டேன்"னு கத்தியிருக்கான். மூலையில படுத்திருந்த ராமாயி தலையத் தூக்கி, "என்னன்னு ஒத்துக்கிட்டான்?"னு கேட்டிருக்கா. அது வரைக்கும் தனபால் தன் மேலயே பழியப் போட்டுக்கிட்டது அவளுக்குத் தெரியாது. தன்னைத்தான் ஊரு பேசிக்கிட்டிருக்கும், மகனுக்கும் தெரிஞ்சிருக்கும், தெரிஞ்சும் அம்மான்னு வாயைத் தொறக்காம இருக்கான்னு நெனைச்சுக் கிடந்திருக்கா. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அந்த வண்டிக்குத் தண்ணி விடப் போறதுன்னுதான் இத்தனை நாள் எந்திரிக்காம இருந்திருக்கா. சோறு தண்ணியில்லாமக் கிடந்தவ, அன்னைக்கு எந்திரிச்சு முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டா. "குடத்தை எடுடா"ன்னா மகனை.

உச்சி வெயில்ல ரெண்டு பேரும் வந்தாங்க. யுவராஜ் தோள்ல குடம், மூஞ்சியில கடுப்பு. ராமாயி கையில ஒரு பழைய சீலைத் துண்டு. இவங்க வர்றதைப் பாத்ததும் தனபாலும் கவிதாவும் எந்திரிச்சு ஒதுங்கி நின்னாங்க. வாங்கன்னு சொல்றதா வேண்டாமான்னு தெரியலை, துக்க ஊட்டுக்காரங்களை அப்படிக் கூப்புடறதும் இல்ல. ராமாயி யாரையும் பாக்கலை. குடத்துல இருந்த மஞ்சத் தண்ணிய ரெண்டு கையாலயும் அள்ளி, வண்டி முகப்புல ஊத்தினா. நாலு சக்கரத்துக்கும் ஊத்தினா. செவப்புப் பொருக்கு கரைஞ்சு வழிஞ்சு அவ கால்ல பட்டுச்சு. இனிச் சீட்டை ஒப்புக்கு ஒரு தொடைப்புத் தொடைச்சாக் கூட ஊருக்குப் போதும்.

"கதவைத் தொறங்க தம்பி"ன்னா.

தனபால் கதவைத் தள்ளி விட்டான். அன்னைக்குச் சாத்தினது, அதுக்கப்புறம் இப்பத்தான் தொறக்குது. உள்ள இருந்து அனல் வந்துச்சு. ராமாயி துணிய மஞ்சத் தண்ணியில முக்கிக்கிட்டு உள்ள ஏறினா. புருசனைச் சாச்சு உக்கார வெச்சிருந்த சீட்டுல துணிய வெச்சுத் தேச்சா. தேச்சுட்டுத் துணியத் திருப்பிப் பாத்தா. மறுபடியும் தேச்சா. குனிஞ்சு காலடியில பாத்தா, சீட்டு இடுக்குல கைய விட்டுத் துழாவினா. கதவு ஓடுற தடத்துல விரலை விட்டு இழுத்து, அந்த விரலைக் கண்ணுக்கு நேராத் தூக்கிப் பாத்தா. வெறும் புழுதிதான்.

"என்னம்மா தேடுற?"ன்னான் யுவராஜ்.

"ஒண்ணுமே இல்லையேடா இங்க"ன்னா. "கழுவிட்டுப் போலாம்னு வந்தேன். கழுவ ஒண்ணுமே இல்லையே. ஒரு சொட்டுக் கூடச் சிந்தலையே அந்த மனுசன்." அப்படியே சீட்டுல உக்காந்து, கையில இருந்த துணிய மடியில போட்டுக்கிட்டா. "யுவராஜு, மாமனை ஒண்ணும் சொல்லாத. நிறுத்தச் சொன்னது நாந்தான். வண்டி கெட்டுப் போயிரும், நிறுத்துங்கன்னு நான்தான் கத்தினேன். வலியில உசுரு துடிக்குது உங்கப்பனுக்கு, அப்பவும் துண்டை வாயில திணிச்சுக்கிட்டு அடக்கி வெச்சிருந்தாரு, மாப்ள வண்டியாச்சேன்னு. நானாவது பரவால்ல எடுங்கன்னு சொன்னேனா? எனக்கும் வண்டிதான் பெருசாப் போச்சு."

யுவராஜ் குடத்தைக் கீழ வெச்சுட்டு அம்மாவைப் பாத்தான், தனபாலைப் பாத்தான்.

தனபால் வண்டிக் கதவைப் புடிச்சுக்கிட்டுத்தான் நின்னிருந்தான். அந்தச் சீட்டை அவனும் இப்பத்தான் உத்துப் பாக்குறான். புதுசாட்டம் இருந்துச்சு. ஒரு திட்டு இல்ல, ஒரு கறை இல்ல. நாமக்கல் முதலாளி வந்து வேட்டியால தொட்டுப் பாத்தாலும் குத்தம் சொல்ல முடியாது.

"எடுத்திருக்கலாமே அக்கா"ன்னான். "உள்ளயே எடுத்திருக்கலாமே மாமன். ஊரு பேரு தெரியாதவன் எடுத்ததையெல்லாம் இந்தக் கையால வழிச்சுப் போட்டிருக்கேன். மாமன் எடுத்தாக் கழுவ மாட்டேனா நானு?"

ராமாயி மடியில கிடந்த துணிய எடுத்து, சுத்தமா இருந்த அந்தச் சீட்டையே மறுபடியும் தொடைக்க ஆரம்பிச்சா. கவிதா போய் அவ தோளைத் தொட்டா. நிறுத்தலை. தனபாலும் தடுக்கலை, கதவைப் புடிச்சபடி அவ தொடைக்கிறதையே பாத்துக்கிட்டு நின்னான்.